மாதிரி மரம்

ஒரு மலைச்சரிவில் வேங்கை மரங்கள் குடியிருந்தன. குடியிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் என்னென்ன உண்டோ அத்தனையும் அங்கே உண்டு. புறணி உண்டு, பெருமை உண்டு, பக்கத்துக்காரன் நம்மைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டானே என்கிற வயிற்றெரிச்சலும் உண்டு.

சரிவின் நடுவில் பெரிய வேங்கை நின்றது. அதன் அடிமரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளை வளையம் பூசியிருந்தார்கள். அந்தக் காட்டில் வேறு எந்த மரத்துக்கும் அப்படி ஒரு வளையம் கிடையாது.

அது என்ன வளையம் என்று சொல்லிவிடுகிறேன். வருஷாவருஷம் மழை ஓய்ந்து, இலைகள் நிறைந்திருக்க வேண்டிய பருவத்தில், காட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வனவர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்து மனிதர், வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். இன்னொருவர் நிலோபர். ஆம்பூர்க்காரர், மரங்களுக்கு வரும் நோய்களைப் படித்தவர்.

ஒரு மரத்தில் இலை எவ்வளவு கொட்டிப்போயிருக்கிறது என்று எப்படி அளப்பது? இலையை எண்ணிக்கொண்டா இருக்க முடியும்? அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காட்டிலேயே நன்றாக இருக்கிற ஒரு மரத்தைப் பொறுக்கி, அதற்கு மாதிரி மரம் என்று பெயர் வைத்து, வெள்ளை வளையம் பூசுவார்கள். அதன் பச்சைதான் முழுப் பச்சை. மற்ற மரங்களை அதோடு ஒப்பிட்டு, இதற்குக் கால்வாசி குறை, அதற்கு அரைவாசி குறை என்று முடிவு செய்வார்கள். பாதிக்கு மேல் இலை போன மரத்துக்குச் சிவப்புக் குறி. சிவப்புக் குறிக்குப் பின்னால் ரம்பம் வரும்.

வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. மாதிரி மரத்தை யாரும் அளப்பதில்லை. கடைக்காரர் பருப்பை நிறுப்பார், புளியை நிறுப்பார். எடைக்கல்லை எடுத்து என்றைக்காவது நிறுத்துப் பார்க்கிறாரா?

வளையம் பூசிய காலத்தில் பெரிய வேங்கை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. உச்சி முதல் கடைசிக் கொப்பு வரை பச்சை. மற்ற மரங்களும் அதைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிட்டன.

பிறகு ஏதோ ஒரு வருஷம், சரிவுக்கு மேலே இருந்த காப்பித் தோட்டத்துக்காரர்கள் யானைக்குப் பயந்து ஒரு அகழி வெட்டினார்கள். மலையின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். யானை கீழே காட்டில் நின்று துதிக்கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று. தோட்டத்துக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் சரிவில் இலை கொட்ட ஆரம்பித்தது.

முதலில் உணர்ந்தது கோணல் வேங்கை. அது பெரிய வேங்கைக்குக் கொஞ்சம் மேலே, அகழி இருக்கிற பக்கமாக நின்றது. குட்டியாக இருந்தபோது ஒரு யானை முதுகு சொறிந்ததில் வளைந்துபோன மரம். உடம்பு வளைவே தவிரப் பேச்சு நேர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடும்.

"எனக்குத் தாகமா இருக்கு. மழை பெய்யுது, ஆனா வேருக்கு வந்து சேர மாட்டேங்குது. உங்களுக்கெல்லாம் எப்படி?" என்று அது கேட்டது.

"எனக்கும் அப்படித்தான்," என்றது ஒரு மரம்.

"நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றது இன்னொன்று.

எல்லா மரமும் பெரிய வேங்கையைப் பார்த்தன.

பெரிய வேங்கைக்கும் தாகம்தான். அந்த வருஷமே அதன் தெற்குப் பக்கக் கொப்புகளில் இலை பாதி உதிர்ந்துவிட்டது. ஆனால் வளையம் பூசிய மரம் நாலு பேர் முன்னால் நின்று தாகம் என்று சொல்லலாமா? அதற்கு வாய் வரவில்லை.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே," என்றது.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். பெரிய வேங்கைக்குக் கிடைத்தது. அதுதான் வினை. ஒரு சின்னக் குருவி பழம் தின்று, அலகில் ஒட்டிய விதையை அதன் பெரிய கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்தது. அது புல்லுருவியின் விதை. தனக்கென்று மண்ணில் வேர் கிடையாது, அடுத்தவன் கிளைக்குள் வேரை விட்டு அவன் தண்ணீரை உறிஞ்சி வாழ்கிற ஜாதி. முளைத்ததும் அது பணிவாகப் பேசியது.

"அண்ணே, ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

வேறு சமயமாக இருந்தால் பெரிய வேங்கை சீ என்றிருக்கும். ஆனால் புல்லுருவி அடர்த்தியாகத் தழைத்தது. எங்கெங்கே வேங்கையின் இலை உதிர்ந்ததோ அங்கெல்லாம் புல்லுருவியின் இலை வந்து நிறைந்தது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் உச்சி முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களாண்ணே, உங்க கௌரவத்துக்கு நான் ஜவாப்தாரி," என்றது புல்லுருவி.

அந்த வருஷமும் தேவசகாயமும் நிலோபரும் வந்தார்கள். வழக்கம்போலச் சரிவின் அடியில் இருந்த பாறையில் நின்று, பெரிய வேங்கையைப் பார்த்து, "பெரியவர் ஜம்முனு இருக்காரு" என்று சொல்லிவிட்டு மற்ற மரங்களை அளக்கப் போனார்கள். சில மரங்களுக்குச் சிவப்புக் குறி விழுந்தது. ரம்பம் வந்தது. மறு வருஷமும் அப்படியே. சரிவில் அங்கங்கே அடிக்கட்டைகள் உட்கார்ந்தன.

மரங்களுக்குள் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் யார் மேலாவது பழி போடாமல் இருக்க முடியாது. புழுவைப் பிடித்தன.

இலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஒரு பச்சைப் புழுவை மரங்கள் எல்லாம் சேர்ந்து விசாரித்தன.

"நீதானே எங்க இலையைத் தின்னு எங்களை மொட்டையாக்குறே?"

புழு மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னது: "தின்னேன். இல்லேன்னு சொல்லலையே. எங்க அப்பன் தின்னான், எங்க பாட்டன் தின்னான். வாயும் வயிறுமா வந்திருக்கேன், தின்னாம காத்தையா குடிப்பேன்?"

"கேட்டீங்களா, ஒத்துக்கிட்டான்!"

"இருங்க சாமி, முழுசாக் கேளுங்க. நாங்க வருஷாவருஷம் தின்னோம், நீங்க வருஷாவருஷம் மறுபடி துளிர்த்தீங்க. நாங்க ஓட்டை போட்டதைப் பதினைஞ்சு நாளில் மூடிடுவீங்க. இப்ப ஏன் துளிர்க்க மாட்டேங்கிறீங்க? துளிர்க்காததுக்கு என்னை ஏன் கேக்கிறீங்க? உங்க வேரைக் கேளுங்க."

மரங்கள் இதைக் காதில் வாங்கவில்லை. ஊர் கூடி ஒருவனைத் திருடன் என்று சொன்ன பிறகு அவன் பேசுவதைக் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? கோணல் வேங்கை மட்டும் யோசித்தது. தன் நீளமான வேர் ஒன்றை மெதுவாக மேலே அனுப்பி, அகழியின் ஓரத்தில் தட்டிப் பார்த்தது.

"யாரது?" என்றது அகழி.

"கீழே இருக்கிற மரத்தோட வேர். மேலேயிருந்து மண்ணுக்குள்ள ஊறி வர்ற தண்ணி எங்களுக்கு வரணும். வரலை. எங்கே போகுது?"

"எனக்குள்ள வந்து விழுது. நான் அதை அந்தக் கோடியில் இருக்கிற பள்ளத்துக்கு அனுப்பிடுறேன்."

"அது எங்க தண்ணி."

"இருக்கலாம். என்னை வெட்டினது யானையை மறிக்க. யானை வந்துச்சா? வரலை. அப்ப என் வேலை ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். தண்ணியைப் பத்தி எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை," என்றது அகழி.

அதற்கு மேல் அதனிடம் என்ன பேசுவது? கோணல் வேங்கையின் வேர் திரும்பி வந்துவிட்டது.

அந்த வருஷம் இருவரும் வந்தபோது சரிவு இருந்த இருப்பைப் பார்த்து நிலோபர் திகைத்துப்போனார். மரத்துக்கு மரம் எலும்பு தெரிந்தது. கோணல் வேங்கையின் அடியில் நின்று ஒரு காய்ந்த இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது புழு இல்லைன்னு தோணுது. புழு தின்னா ஓட்டை விழும். இது ஓரத்திலேருந்து கருகிட்டு வருது பாருங்க. தண்ணி போதாம இருக்கு."

"தண்ணியா? இந்த வருஷம் என்ன மழை மேடம்! என் வீட்டுச் சுவரே இன்னும் காயலை," என்றார் தேவசகாயம்.

"மழை பெஞ்சாப் போதுமா? வேருக்குப் போகணுமே."

"சரி, நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். தண்ணி இல்லைன்னா எல்லா மரமும்தானே வாடணும்? அந்தா, நடுவில நிக்கிறாரே பெரியவரு, அவருக்கு மட்டும் என்ன தனியா பைப்பு போட்டா விட்டிருக்கு?"

நிலோபர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்துப் பெரிய வேங்கையின் உச்சியைப் பார்த்தார். பைனாகுலர் பச்சையைக் காட்டியது. பைனாகுலரைக் குற்றம் சொல்ல முடியாது. பச்சையாக இருந்தால் பச்சை என்று காட்டும். யாருடைய பச்சை என்பது அதன் கவலை இல்லை.

"ஆமா சார், நீங்க சொல்றது சரிதான். ஒரே மண்ணு, ஒரே மழை. அது நல்லா இருக்குன்னா தண்ணி காரணமா இருக்க முடியாது," என்று நிலோபர் பைனாகுலரைக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் கையில் இருந்த இலையைக் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை.

"அப்ப புழுதான். மோசமான மரத்தை எல்லாம் எடுத்துட்டு மத்ததுக்கு மருந்து அடிச்சிடுவோம். விட்டா பரவிடும்," என்றார் தேவசகாயம்.

அவர் சிவப்பு டப்பாவைத் திறந்து கோணல் வேங்கையின் மேல் பெருக்கல் குறி போட்டார். அதற்குப் பக்கத்து மரத்துக்கும் போட்டார். சாயங்காலத்துக்குள் சரிவில் பாதி மரங்களின் மார்பில் சிவப்பு இருந்தது.

ஆட்கள் போன பிறகு கோணல் வேங்கைதான் பேசியது.

"பெரியவரே, அந்தப் பொண்ணு உண்மைக்குக் கிட்டக்க வந்துட்டா. இன்னும் ஒரு அடி. உம்மைப் பார்த்துட்டுத் திரும்பிட்டா."

பெரிய வேங்கை பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

"உமக்கு நிஜமாவே தாகம் இல்லைன்னா நான் பேசலை. உம்ம அதிர்ஷ்டம். ஆனா இருந்தும் இல்லைங்கிறீர்னு வச்சுக்கும், அப்ப இந்தச் சிவப்பை எனக்குப் போட்டது அந்த வனவர் இல்லை."

இப்படியா முகத்துக்கு நேரே கேட்பது என்று மற்ற மரங்கள் பதறின. பெரியவரைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று ஒன்று அதட்டியது. சாகப்போகிற மரத்துக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

பெரிய வேங்கைக்கு உள்ளே அறுத்தது. அது கெட்ட மரம் இல்லை. யாரையும் கொல்ல வேண்டும் என்று அது நினைத்ததே இல்லை. தன் பொய் தன்னோடு போகும், வளையம் பிழைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தது. தான் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டதே மற்றவர்களுக்குச் சாட்சியாக மாறி அவர்களைக் கொல்லும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

புல்லுருவிக்கு அதன் மனசு தெரிந்துவிட்டது. ஒட்டிப் பிழைப்பவனுக்கு வீட்டுக்காரன் மனசு முதலில் தெரியும்.

"அண்ணே, வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அவங்க போனா அவங்க பங்குத் தண்ணியும் நமக்குத்தானே? பிழைக்கத் தெரிஞ்சவன் பிழைக்கட்டும்."

"நமக்கா?" என்றது பெரிய வேங்கை.

"ஆமாண்ணே. நீங்க வேற நான் வேறயா?"

பெரிய வேங்கை அப்போதுதான் தன் பெரிய கிளையை ஒழுங்காகப் பார்த்தது. அதில் தன்னுடைய இலை என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே புல்லுருவி. வேரிலிருந்து கஷ்டப்பட்டு ஏறி வந்த தண்ணீர் அத்தனையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் கிளையின் கவட்டில் ஒரு வெடிப்பும் விழுந்திருந்தது. அந்த வெடிப்பு விரியாமல் அது வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. எதைக் காப்பாற்றினோம் என்று நினைத்தபோது அதற்குக் கூச்சமாகப் போயிற்று.

"நான் இந்தக் கிளையை விட்டுடப்போறேன்," என்றது.

புல்லுருவி சிரித்தது. "விட்டா உங்க நிலைமை என்னாகும் தெரியுமாண்ணே? உள்ளே இருக்கிறது எல்லாம் வெளியே தெரியும். பாதி உச்சி மொட்டை. அந்தச் சிவப்பு டப்பா முதல்ல உங்ககிட்டத்தான் வரும். எவனோ கோணலுக்காக நீங்க சாகணுமா?"

அது சொன்னது உண்மைதான். புல்லுருவி மற்ற விஷயத்தில் எப்படியோ, பயமுறுத்தும்போது பொய் சொல்வதில்லை. பெரிய வேங்கைக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. விடுகிறேன் என்று சொல்லிவிட்டதே தவிர, மறுநாளும் விடவில்லை. அதற்கு மறுநாளும் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

பிறகு மரம் வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். கூடவே தேவசகாயமும் நிலோபரும் வந்தார்கள். மெஷின் ரம்பம் ஒரு தடவை உறுமிப் பார்த்துக்கொண்டது.

"எதுல ஆரம்பிக்கட்டும் சார்?" என்றார் வெட்டுகிறவர்.

"அந்தக் கோணலை எடுங்க முதல்ல. அதை எடுத்தா மேலே ஏற வழி கிடைக்கும்."

ரம்பம் கோணல் வேங்கையின் பட்டையைத் தொட்டது. பட்டை கிழிந்து, வேங்கைக்கே உரிய அந்தச் சிவப்புப் பால் கசிந்தது.

அதைப் பார்த்ததும் பெரிய வேங்கையால் தாங்க முடியவில்லை.

"ஏ காத்து! எங்கேயாவது இருக்கியா? வா இங்கே!" என்று கத்தியது.

பள்ளத்தாக்கில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காற்று மேலே வந்தது. "என்ன பெரியவரே, நீங்க யாரையும் உதவின்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே?"

"என் பெரிய கிளையில் ஒரு தள்ளு தள்ளு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, வேண்டாம்ணே, அண்ணே!" என்று புல்லுருவி அலறியது.

காற்று தள்ளியது. பெரிய வேங்கை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த பிடியை விட்டது.

கிளை முறிந்த சத்தத்தில் பறவைகள் எல்லாம் எழும்பிவிட்டன. "ஏய், தள்ளிக்கோ, தள்ளிக்கோ!" என்று தேவசகாயம் கூச்சல் போட்டு நிலோபரின் கையைப் பிடித்து இழுத்தார். வெட்டுகிறவர் ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஒரு வீட்டுக் கூரை அளவு பச்சை அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

யாருக்கும் அடியில்லை. தேவசகாயம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே, உயிர் தப்பிச்சோம். நல்ல மரமாச்சே, இது ஏன் முறியணும்?"

நிலோபர் விழுந்த கிளைக்குள் குனிந்தார். ஓர் இலையைப் பறித்தார். இன்னொன்றைப் பறித்தார். பிறகு கிளையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வேகமாகப் பறித்துக்கொண்டே போனார்.

"சார், இங்க வாங்க."

"என்ன மேடம்?"

"இதுல ஒரு வேங்கை இலை காட்டுங்க."

தேவசகாயம் தேடினார். தேடத் தேட அவர் முகத்தில் இருந்த கிண்டல் எல்லாம் வடிந்துபோயிற்று.

"புல்லுருவில்லா இது!"

"அத்தனையும் புல்லுருவி. மேலே பாருங்க."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய வேங்கையின் உச்சியில் வானம் தெரிந்தது. மிச்சம் இருந்த கொப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கிய இலைகள் ஓரத்திலிருந்து கருகியிருந்தன.

"இதையா நாம முழுசுன்னு வச்சு மத்ததை அளந்தோம்?" என்று நிலோபர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எத்தனை மரத்தை வெட்டியிருக்கோம் சார், இதைப் பாத்துப் பாத்து."

தேவசகாயம் வெட்டுகிறவரைப் பார்த்து, "மெஷினை அணைச்சுடுங்க," என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர்களுக்கு வேறு ஒரு மாதிரி மரம் வேண்டும். சரிவு முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் தேறவில்லை. தேடிக்கொண்டே ஏறியதில் அகழி வந்துவிட்டது. அதற்கு மேலே தோட்டத்து எல்லை, அங்கே அளக்க அவர்களுக்கு வேலை கிடையாது. அதனாலேயே ஒரு வருஷமும் அங்கே வந்து நின்றதில்லை. நிலோபர் சும்மா பைனாகுலரை எடுத்து அக்கரையைப் பார்த்தார். அகழிக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில், இதே வேங்கை மரங்கள் உச்சி முதல் அடி வரை பச்சையாக நின்றன. இலைகளில் புழு போட்ட ஓட்டைகள்கூட இருந்தன. ஓட்டைக்குப் பக்கத்திலேயே புதுத் துளிர் விட்டிருந்தது.

நிலோபர் பைனாகுலரை இறக்கி அகழிக்குள் பார்த்தார். மழை நின்று பல நாள் ஆகியும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், பெரியவருக்குத் தனிப் பைப்பு போட்டிருக்கான்னு கேட்டீங்களே. எல்லாருக்கும் வர வேண்டிய பைப்பு இங்க அறுந்து கிடக்கு," என்றார்.

தோட்டத்து மேனேஜர் முதலில் தையா தக்கா என்று குதித்தார். "அகழியை மூடினா யானை வரும். யானை வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்றார். அவர் பயமும் பயம்தானே. பேசிப் பேசி, கடைசியில் யானை வராமல் தண்ணீர் மட்டும் வர ஒரு வழி செய்தார்கள். அகழியின் குறுக்கே நாலைந்து இடத்தில் பெரிய சிமெண்ட் குழாய்களைப் பதித்து, மேல்கரையில் ஊறும் நீரைக் கீழ்க்கரை மண்ணுக்குள் விட்டார்கள்.

சரிவில் போட்ட சிவப்புக் குறிகளை எல்லாம் தேவசகாயமே அரிவாளின் முதுகால் சுரண்டி எடுத்தார். பெரிய வேங்கையிடம் வந்ததும் நின்றுவிட்டார். வழக்கப்படி பார்த்தால், பாதிக்கு மேல் இலை போன மரம். முறிந்த இடத்திலிருந்து வழிந்த பால் உறைந்து, வெள்ளை வளையத்தின் மேலெல்லாம் சிவப்பாகக் கிடந்தது.

"இதுக்கு என்ன செய்யட்டும் மேடம்?"

நிலோபர் உறைந்த பாலை விரலால் தொட்டுப் பார்த்தார். "வளையத்தைச் சுரண்டிடுங்க. சிவப்பும் வேண்டாம். எல்லா மரத்தையும் போல இதையும் அடுத்த வருஷம் வந்து அளப்போம்."

அடுத்த மழை வந்தது. மேலேயிருந்து மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் குழாய்களைத் தாண்டி, பழைய வழியைத் தேடிப் பிடித்து இறங்கியது. அந்த வழியில் முதலில் நின்றது கோணல் வேங்கை. அது வேர் கொள்ளுமட்டும் குடித்தது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. ரம்பம் பட்ட காயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துளிர் விட்டது. அதற்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அதற்குக் கீழே பெரிய வேங்கை நின்றது. பாதி உச்சி இல்லை. வளையமும் இல்லை. பிழைக்குமா பிழைக்காதா என்று நிலோபருக்கே தெரியாது. இப்போதெல்லாம் அதை யாரும் பெரியவரே என்று கூப்பிடுவதில்லை.

"கோணலு," என்று அது மெதுவாகக் கூப்பிட்டது.

"என்ன?"

பெரிய வேங்கைக்கு வார்த்தை லேசில் வரவில்லை. கிளையை விடுவதுகூட இதைவிடச் சுலபமாக இருந்தது.

"தாகமா இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் விடேன்."

கோணல் வேங்கை குடிப்பதை நிறுத்தியது.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, வெட்டுப்பட்டவங்களும் இப்ப நம்ம கூட நின்னு குடிச்சிட்டு இருப்பாங்க," என்றது. சொல்லிவிட்டு வேரை ஒதுக்கி வழி விட்டது.